பனி என்ற ஒற்றைச் சொல்லும் உறைகுளிரில் துவிச்சக்கரவண்டியும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் சென்ற ஞாயிறு இதழில், குளிர்நாடுகளில் குடியேறிய நம்மவரின் பிள்ளைகள் உறைகுளிர் நாட்களிலும் பொழுதுபோக்காகத் துவிச்சக்கரவண்டி ஓட்டுவதைப் பற்றி வெளிவந்த கட்டுரையை நான் இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை, எனக்கும் பிடித்த விடயம் ஒன்று அச்சில் வந்திருக்கிறதே என்ற ஆவலில் வாசித்தேன். இரண்டாவது தடவை வாசிக்க நேர்ந்ததற்குக் காரணம், முன்பு என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் மகன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததுதான். அவன் எதிர்வரும் ஜனவரி 6ஆம் திகதி மேற்படிப்புக்காக ரொறொன்ரோவுக்குப் புறப்படுகிறான். "சேர், போய் இறங்கின கையோட ஒரு பழைய சைக்கிள் வாங்கப்போறன். பனியிலயும் ஓடலாமாம், பேப்பரில போட்டிருக்கு" என்று சொன்னான். பேப்பரில் போட்டிருப்பதை அப்படியே நம்புகிற இருபது வயதுப் பிள்ளை இந்தக் காலத்திலும் இருப்பது தங்களுக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கட்டுரையை மட்டும் நம்பிச் சைக்கிளில் ஏறினால், முதற்கிழமையிலேயே மணிக்கட்டை முறித்துக்கொண்டு படுப்பான் என்ற அச்சத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளரின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. உறைகுளிரில் சைக்கிள் ஓட்டுவது இன்பமான காரியம் என்று அவர் எழுதியது முழு உண்மை. நான் முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன், கல்லடியில் வசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை விடியலில் மூன்று நண்பர்களுடன் பாலத்தைக் கடந்து, பார் வீதி வழியாகப் பாலமீன்மடு வெளிச்சவீடு வரை சைக்கிளில் போய், ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புகிற வழக்கமுள்ளவன். இந்த வழக்கத்தோடு 2013ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள மகளின் வீட்டுக்குப் போய், நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பிறகு 2018 இல் மறுபடியும் ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்தேன். என் மருமகன் எந்தக் குளிரிலும் ஞாயிறு ஓட்டத்தை விடாதவர். கிழவனை வீட்டுக்குள் பூட்டிவைத்தால் தன் மனைவிக்குத்தான் தொல்லை என்று கண்டுகொண்டோ என்னவோ, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காற்று அசையாத, மறை 12 பாகை, அதாவது உறைநிலைக்குக் கீழே 12 பாகை செல்சியஸ் காட்டும் காலையில், இலையுதிர்ந்த மேப்பிள் மரங்களுக்கிடையே, மூச்சு வெண்புகையாக முன்னால் போக, ரயரின் கீழே இறுகிய வெண்பனி கிறீச்சிடும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேளாத அந்தப் பாதைகள் இப்போதும் சில வேளை என் கனவில் வருகின்றன. ஆகவே, ஓடாதே என்று அந்தப் பிள்ளையைத் தடுக்க எனக்கு மனமில்லை.

குறை எங்கே இருக்கிறதென்றால், கட்டுரை தொடக்கம் முதல் முடிவுவரை பனி என்ற ஒரே சொல்லைக் கொண்டு நான்கைந்து வேறுவேறு பொருள்களைக் குறிக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் முதியோர் சொன்ன பனி, விடியற்காலையில் புல்நுனியில் தங்குகிற, தலையில் துவாய் சுற்றாமல் வெளியே போனால் தடிமன் பிடிக்கிற பனி. மட்டக்களப்பில் ஜனவரி மாதத்து மிகக் குளிர்ந்த விடியலிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. நமக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வானத்திலிருந்து பஞ்சாக விழுகிற வெண்பனியும், நீர் உறைந்து பாறையான பனிக்கட்டியும், இரவில் காற்றிலுள்ள ஆவி நேரே படிந்து புல்லை வெளுக்கச்செய்கிற உறைபனியும் நம்மூர் வாசகருக்கு ஒன்றாகத் தோன்றினால் அதில் குற்றமில்லை. சைக்கிளின் முன்சில்லுக்கு அப்படித் தோன்றாது.

புதிதாக விழுந்த வெண்பனி நான்கைந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேற்படாதவரை, கல்லடிக் கடற்கரையின் காய்ந்த மணலில் சைக்கிளை இறக்கினாற்போல இழுக்கும், கால் உளையும், விழுந்தாலும் மெத்தையில் விழுந்த மாதிரித்தான். ஆட்கள் மிதித்து இறுகிய வெண்பனி அதைவிட நல்லது. கடுங்குளிரில் அது கிறவல் வீதியைப்போலப் பிடிப்புத் தரும். இவ்விரண்டையும் பார்த்துத்தான் பனியில் ஓடுவது எளிது என்று கட்டுரையாளர் முடிவுசெய்திருக்கிறார் என எண்ணுகிறேன். பகலில் உருகிய சகதி இரவில் அப்படியே உறைந்து, கார்ச் சில்லின் தடமும் சப்பாத்தின் அடையாளமும் கல்லாகி நிற்கிற பாதையை அவர் கண்டதில்லை போலும். வயல்வெளியில் உழவு இயந்திரம் போய்க் காய்ந்த தடத்துக்குள் முன்சில்லு விழுந்துவிட்டால் எப்படித் திருப்ப முடியாதோ அப்படித்தான் அதுவும், ஆனால் தடத்தின் சுவர் அங்கே மண்ணாக இராது, கண்ணாடியாக இருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. அந்நாட்டவர் அதைக் கறுப்புப் பனிக்கட்டி என்கிறார்கள். உண்மையில் அது நிறமற்ற மெல்லிய படலம், கீழேயுள்ள தாரின் கறுப்பு அதனூடே தெரிவதால் அந்தப் பெயர் வந்தது. பார்ப்பவருக்கு வீதி ஈரமாக இருப்பதுபோலத்தான் தோன்றும். 2014 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஹைலண்ட் கிறீக் ஓடையோரப் பாதையில் மருமகன் முன்னே போக, நான் பத்து யார் பின்னே போய்க்கொண்டிருந்தேன். மேலே வீதி போகிற பாலமொன்றின் நிழலில், முதல் நாள் பகலில் சொட்டிய நீர் இரவில் உறைந்திருந்தது. ஈரம் என்று நினைத்து, நம்மூர்ப் பழக்கத்தில் முன்பிரேக்கை மெல்லத் தொட்டேன். சறுக்கினேன் என்று சொல்வதுகூடச் சரியாகாது, சறுக்குவதற்கு ஒரு கணமாவது வேண்டும். சைக்கிளின் மேல் இருந்தேன். பிறகு இடது தோளும் இடுப்பும் தரையில் கிடந்தன. இடையில் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. "எழும்ப வேணாம் மாமா, முதல்ல கையைக் காலை ஆட்டிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வர முயன்ற மருமகன், நடந்துவந்த நிலையிலேயே தாமும் ஒரு முறை விழுந்து எழும்பினார். உடுத்திருந்த தடித்த உடுப்பு காப்பாற்றியது. இரண்டு கிழமை இடப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை.

நான் போய் இறங்கிய மாதத்திலேயே, 2013 டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளில், ரொறொன்ரோவைப் பனிக்கட்டிப் புயல் தாக்கியது. புயல் என்றதும் நம்மவருக்கு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய 1978 நவம்பர் 23 இரவுதான் நினைவில் எழும். அந்த இரவை உயிரோடு கடந்தவர்களில் நானும் ஒருவன். ஸ்காபரோவில் அன்று பேரிரைச்சல் ஏதும் இல்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத மழைத்துளிகள் அமைதியாக விழுந்து, பட்ட இடத்திலேயே கண்ணாடியாகப் படிந்தன. மின்கம்பி, மரக்கிளை, படிக்கட்டின் கைபிடி, வாசலில் விட்டிருந்த சைக்கிளின் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடி உறைக்குள் இருந்தன. பாரம் தாங்காமல் கிளைகள் முறியும் ஓசை இரவு முழுவதும் வேட்டுச் சத்தம்போலக் கேட்டது. நகரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்பாவனையாளர்கள் இருளில் இருந்தார்கள். அத்தகைய நாளில் எவ்வளவு பழகியவரும் சைக்கிளைத் தொடுவதில்லை. கட்டுரையோ எல்லா நாளும் ஓடும் நாளே என்ற எண்ணத்தை வாசகர் மனதில் ஏற்படுத்துகிறது.

இதிலிருந்து பிறப்பதுதான் கட்டுரையின் இன்னொரு தவறு: குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடும், ஆகவே மறை 15 பாகையில் வீட்டிலிருந்து, 0 பாகைக்குத் திரும்பியதும் புறப்படலாம் என்ற ஆலோசனை. நடைமுறை இதற்கு நேர்மாறானது. பனிக்கட்டி மிகவும் வழுக்குவது உருகுநிலைக்கு அண்மையில்தான். அப்போது அதன் மேற்பரப்பில் நீர்ப்படலம் ஒன்று இருக்கும். மறை 15 இல் மேற்பரப்பு காய்ந்து கடினப்பட்டுவிடுவதால் ரயருக்கு ஓரளவு பிடிப்புக் கிடைக்கிறது. பகலில் 2 பாகை, இரவில் மறை 3 பாகை என்று உருகுவதும் உறைவதுமாக மாறிமாறி வரும் கிழமைகளே எலும்பு முறிகிற கிழமைகள். அந்நாட்களில் காலையில் காய்ந்திருந்த வளைவு மாலையில் எப்படி இருக்கும் என்பதைக் காலையில் சொல்ல முடியாது.

பையனுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது என்று அடுத்த நாள் விடியலில் அவனைப் பழைய கல்லடிப் பாலத்துக்கு அழைத்துப்போனேன். 1924 இல் திறக்கப்பட்டு, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கி நின்ற அந்த ஒருவழி இரும்புப் பாலம், 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் எங்களைப் போன்ற நடைக்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் வாய்த்துவிட்டது. வாடைக்காற்று வாவியைச் சுருக்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தி, "கீழே என்ன இருக்குது?" என்று கேட்டேன். "வாவி, சேர்." "வாவிக்கும் பாலத்துக்கும் நடுவில?" கொஞ்சம் யோசித்து, "காத்து" என்றான். அவ்வளவுதான் பாடம். வீதிக்குக் கீழே பகல் வெப்பத்தைச் சேமித்துவைக்க நிலம் இருக்கிறது. பாலத்துக்கு மேலும் கீழும் காற்றே இருப்பதால் அது இரு பக்கமும் வெப்பத்தை இழந்து, வீதி ஈரமாக இருக்கும் வேளையிலேயே உறைந்துவிடும். குளிர்நாடுகளில் பாலத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை நடுவது இதனாற்றான். பையன் இரும்புச் சட்டத்தைத் தொட்டுப்பார்த்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீதியில் உப்புத் தூவியிருந்தால் பயமில்லை என்று கட்டுரை கூறுகிறது. கறியுப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு செறிவான கரைசலும் மறை 21 பாகைக்குக் கீழே தாக்குப்பிடிக்காது, வீதியில் தூவும் அளவிலோ மறை 10 பாகையைத் தாண்டினாலே உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அதனாலேயே கடுங்குளிரில் பல இடங்களில் மணலையும் சிறுகல்லையும் தூவுகிறார்கள். உப்பில் உருகிய நீர் ஓரத்துக்கு வழிந்து, ஐதாகி, அங்கே மறுபடியும் உறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சைக்கிள்காரர் போவது அந்த ஓரத்தில்தான்.

இனி, பழைய சைக்கிள் எதுவானாலும் போதும் என்ற கருத்து. சட்டம் பழையதாக இருக்கலாம், ரயர் அப்படி இருக்கக்கூடாது. பனிக்கட்டியில் ஓடுவதற்கென்றே தங்குதன் காபைட்டு முளைகள் நூற்றுக்கணக்கில் பதித்த ரயர்கள் அங்கே விற்பனையாகின்றன. நம் பிள்ளைகள் அவற்றை ஆணி ரயர் என்கிறார்கள். வெறும் தாரில் போகும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஓயாது பொரியும். பனிக்கட்டியில் ஏறியதும் சத்தம் மாறி, ஒவ்வொரு முளையும் கடித்துப் பிடிப்பதைக் கைபிடியிலேயே உணரலாம். இரண்டு ரயர் வாங்கப் பணமில்லையென்றால் முதலில் முன்சில்லுக்கு வாங்க வேண்டும். பின்சில்லு வழுக்கினால் காலை ஊன்றித் தப்பலாம், முன்சில்லு வழுக்கினால் யோசிப்பதற்குமுன் தரையில் கிடப்போம். இதற்கு என் இடது தோளே சாட்சி. வெண்பனியில் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து அடித்தால் ரயர் பரந்து பிடிக்கும். நான் விழுந்த பிறகு மருமகன் எனக்குப் புதிதாக ஒன்றையும் கற்றுத்தரவில்லை, ஒரே வசனத்தைத்தான் திரும்பத்திரும்பச் சொன்னார்: "மாமா, ஐஸ் கண்டா ஒண்டும் செய்யாதீங்க." பிரேக்கைப் பிடிக்காமல், கைபிடியைத் திருப்பாமல், உடம்பைச் சரிக்காமல், பெடலை ஊன்றாமல், வந்த வேகத்தில் நேரே உருண்டு போய்விட வேண்டும் என்பது அதன் பொருள். வேகத்தைக் குறைப்பதெல்லாம் அந்த இடத்துக்கு வருமுன்னரே நடந்திருக்க வேண்டும். ஐயமென்றால் இறங்கி உருட்டிக்கொண்டு போவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

உடுப்பைப் பற்றிக் கட்டுரை நீளமாக எழுதியிருப்பதால் நான் சுருக்கமாக முடிக்கிறேன். தடித்த குளிர்ச்சட்டை ஒன்றைவிட மெல்லியவை மூன்று மேல். உடலோடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக்கூடாது, வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு நின்றவுடன் விறைக்கவைக்கும், கம்பளி அப்படிச் செய்யாது. வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிராக இருந்தால்தான் பத்து நிமிடத்தில் சரியாக இருக்கும். வெப்பமானி மறை 10 பாகை காட்டும் காலையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகக் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது ஏறத்தாழ மறை 18 பாகையாகத் தெரியும் என்பதால், விரல், காது, மூக்கு நுனி ஆகியவற்றைத்தான் முதலில் மூட வேண்டும். கட்டுரையில் விடுபட்ட ஒன்று: போகும்போது எதிர்காற்றிலும், திரும்பும்போது பின்காற்றிலும் வருமாறு பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்புவது அங்கே ஆபத்து. வாடைக்காலத்தில் முதலில் முகத்துவாரப் பக்கம் போய், பிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கல்லடிக்குத் திரும்புகிற எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இது புதிதன்று. நாங்கள் களைப்புக்காகச் செய்வதை அவர்கள் உயிருக்காகச் செய்கிறார்கள்.

சைக்கிளைப் பராமரிப்பதில் மட்டக்களப்பான் ஒருவன் ரொறொன்ரோக்காரனுக்கே பாடம் சொல்லலாம். கடற்காற்று கல்லடியில் ஒரு செயினைத் தின்னும் வேகமும், வீதி உப்பு ஸ்காபரோவில் தின்னும் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். வந்தவுடன் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் விடுகிற வேலையை நான் அங்கே யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. எனக்குப் புதிதாக இருந்தது கிறீஸ் உறைவது. தடித்த கிறீஸ் பூசிய பின்சில்லின் பற்கள் கடுங்குளிரில் ஒட்டிக்கொண்டால், பெடல் வெறுமனே சுற்றும், சைக்கிள் நகராது. வெண்பனி அப்பிய சைக்கிளைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்து, உருகிய நீர் பிரேக் கம்பிக்குள் இறங்கியதும் மறுபடி வெளியே எடுத்தால், பிரேக்கும் உறைந்துவிடும். ஒன்றில் நன்றாகக் காயவிட வேண்டும், இல்லையேல் குளிரிலேயே விட்டுவிட வேண்டும்.

கட்டுரையுடன் வெளியான படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உறைந்த ஏரியின் மேல் மூன்று இளைஞர் சைக்கிளோடு நிற்கிறார்கள். படத்தின் கீழே ஓர் எச்சரிக்கைச் சொல்லும் இல்லை. ஓர் ஆளைத் தாங்குவதற்குத் தெளிந்த, புதிய பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பில் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மேலே வெண்பனி மூடியிருந்தால் அது கம்பளிபோல வெப்பத்தைக் காத்து, பனிக்கட்டி தடிக்க விடாது, விரிசலையும் மறைத்துவிடும். ஓடை வந்து கலக்கும் இடத்திலும், நீரோட்டம் உள்ள ஒடுக்கத்திலும், ஒரே ஏரியில் ஓர் இடம் பாறையாகவும் பத்து யார் தள்ளிய இடம் அப்பளமாகவும் இருக்கும். முகத்துவாரம் வெட்டிய நாட்களில் வாவியின் இழுவை இடத்துக்கு இடம் எப்படி வேறுபடும் என்பதைத் தோணிக்காரரிடம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். படத்தின் கீழே இரண்டு வரி போதும்.

கட்டுரையின் அடிநாதமே துணிச்சலைப் போற்றுவதாக இருப்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஏறத்தாழ 65 பாகை வட அகலக்கோட்டில், ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் வாழும் பின்லாந்தின் ஊலு நகரில், டிசெம்பர் பிற்பகுதியில் சூரியன் மூன்றரை மணி நேரமே தெரியும். அங்கே பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் குளிர்காலம் முழுவதும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பனிக்காலச் சைக்கிளோட்டம் பற்றிய சர்வதேச மாநாடு 2013 இல் முதன்முதலாகக் கூடியதும் அந்த நகரில்தான். அந்தப் பிள்ளைகள் வீரர்கள் என்பதற்காக ஓடவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் எழும்புமுன்னர் முக்கியமான சைக்கிள் பாதைகளில் வெண்பனியை வழித்துவிடுகிறார்கள் என்பதற்காக ஓடுகிறார்கள். அங்கே குளிர் நிலையாக இருப்பதால் தார் தெரியும்வரை சுரண்டுவதில்லை. இறுகிய வெண்பனியைச் சமப்படுத்தி, கோடு கீறி, சிறுகல் தூவி, அதையே வீதியாக்கிக்கொள்கிறார்கள். டென்மார்க்கின் கொப்பன்ஹேகனிலோ குளிர் 0 பாகையைச் சுற்றியே நிற்பதால், தூரிகையால் கூட்டி உப்பு நீர் தெளித்துத் தாரை வெளியே எடுக்கிறார்கள். இரண்டு ஊரும் தத்தம் நிலத்தையும் வானத்தையும் அறிந்து செய்திருக்கின்றன. ரொறொன்ரோவிலும் ஏரிக்கரையோரமாகப் போகும் மார்ட்டின் குட்மன் பாதையைப் போன்றவை குளிர்காலத்தில் துப்புரவாக்கப்படுகின்றன. பூங்காக்களுக்குள் போகும் பல பாதைகளின் வாசலிலே குளிர்காலப் பராமரிப்பு இல்லை என்ற பலகை நிற்கிறது. நான் விழுந்த அன்று அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். பையனிடம் நான் வற்புறுத்தியது, முதல் மாதம் எந்தப் பாதையை யார் எத்தனை மணிக்குத் துப்புரவு செய்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள், அதன் பிறகு சைக்கிள் வாங்கு என்பதே. பிற்பகல் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு மட்டும் அவன் சிரித்தான், இங்கே அவன் சைக்கிளில் விளக்கே கிடையாது.

இதை வாசிப்பவர், உறைபனியே காணாத ஊரில் இருந்துகொண்டு இந்தக் கிழவனுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கக்கூடும். நம் மாரியும் சைக்கிள்காரனை விழுத்தத் தெரிந்ததுதான். பல மாத வெயிலில் வீதியில் படிந்த தூசியும் எண்ணெயும், ஒக்டோபரில் பெய்யும் முதல் மழையில் சவர்க்காரமாகின்றன. அந்த முதல் அரை மணித்தியாலத்தில் விழுபவர்கள், பெருமழையில் விழுபவர்களைவிட அதிகம் என்பது என் அனுபவம். உள்ளொழுங்கைகளின் கொங்கிறீற்றில் மார்கழியில் படரும் பச்சைப் பாசியைக் கண்டால் எனக்கு ஹைலண்ட் கிறீக் பாலத்தடிதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளம் வடிந்ததும் கடற்கரை வீதிகளின் ஓரத்தில் விரல் தடிப்புக்கு மணல் தங்கிவிடுகிறது. அதிலே முன்சில்லு இறங்கினால் நடப்பதும் அங்கே நடந்ததேதான். மூன்று மாதமாகக் கூட்டப்படாத அத்தகைய வளைவு ஒன்றில் சென்ற மாரியில் எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர் விழுந்து கைவிரலை முறித்துக்கொண்டார். வீதிக்குப் பொறுப்பானவர்கள் வாரம் ஒரு முறை அந்த ஓரங்களைக் கூட்டினால் போதும். அதற்கு உப்பும் வேண்டாம், உழவு இயந்திரமும் வேண்டாம், இரண்டு பேரும் இரண்டு ஈர்க்கில் விளக்குமாறும் வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது சிறியது. கட்டுரையில் வந்த மூன்று கூற்றுகள், அதாவது 0 பாகை நாள் பத்திரமானது என்பதும், உப்புத் தூவினால் பயமில்லை என்பதும், எந்தப் பழைய சைக்கிளும் போதும் என்பதும், திருத்தப்பட வேண்டும். ஏரிப் படத்துக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வெண்பனி, பனிக்கட்டி, உறைபனி ஆகிய சொற்களை இனியாவது தங்கள் பக்கங்களில் பிரித்துப் பயன்படுத்தினால், மொழிபெயர்ப்புச் செய்திகளை வாசிக்கும் மாணவருக்கும் உதவியாக இருக்கும்.

பையனுக்கு என் பழைய கையுறையைக் கொடுத்திருக்கிறேன்; ஆள்காட்டி விரல் பக்கம் சற்றுக் கிழிந்திருப்பதை அவன் தாய் தைத்துவிட்டாராம். தங்கள் கட்டுரையின் கத்தரித்த துண்டு அவன் பெட்டிக்குள் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஜனவரி 6ஆம் திகதிக்கு முன்னர் இன்னும் இரண்டு ஞாயிறு இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் திருத்தம் வந்தால் அதையும் கத்தரித்து அதே பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.